வடகரை மில்லிலிருந்து மூன்று மணிக்கு

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இருந்த இடத்தை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் தாணு மேசைக்குப் பின்னால் தன் நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம், விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் வடகரை அரிசி மில் முதலாளி வல்லிநாயகம்; ஈரக் குடையை நாற்காலிக் கையில் மாட்டியிருந்தார். அவருடைய கணக்கப்பிள்ளை பால்வண்ணநாதன் சுவரோரப் பெஞ்சின் நுனியில். முதலாளி முன்னால் முழுதாக உட்காரக் கூடாதென்று பாதி உடம்பைத்தான் பெஞ்சில் வைத்திருந்தார். மூலையில், டெலிபோன் முக்காலியை ஒட்டி, ஆஸ்பத்திரியில் டெலிபோன் பார்க்கிற முத்துவடிவு. மடியில் நீள ரிஜிஸ்தர். ஐந்தாவது ஆள் சுடலை உள்ளே இல்லை. சன்னலுக்கு வெளியே, ஓட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்துக்கு ஒரு சாண் இப்பால், குத்துக்காலிட்டு இருந்தான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன்தார் சீசனுக்கு வந்து தங்கிப்போன பங்களா அது. தாணு அதில் பத்துக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார். மத்தியானம் இரண்டரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. வெள்ளையாக என்னவோ நின்றது. சாரல் விழுகிற சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் சுவர், துணி, காகிதம் எல்லாம் நனைந்துகொண்டே இருந்தன.

ஜில்லா அதிகாரியிடமிருந்து காகிதம் வந்திருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போன வடகரை சந்தனமாரி, வயது இருபத்தாறு, பதினோராம் நாள் செத்துப்போனதாக அவள் புருஷன் சுடலை மனுக் கொடுத்திருக்கிறான், விளக்கம் வேண்டும். பதிலை அன்றைய தபாலில் சேர்த்தாக வேண்டும். தாணு அதை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார்.

அவர் வாசித்தார்: "வீடு திரும்பிய பிறகு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் ஆகிய மூன்று நாட்களிலும் நோயாளியிடம் டெலிபோனில் விசாரிக்கப்பட்டது. மூன்று முறையும், தான் நலமாக இருப்பதாக நோயாளியே தெரிவித்தார். அதன் பிறகு அவரது கவனக்குறைவால் நேர்ந்ததற்கு ஆஸ்பத்திரி பொறுப்பாகாது." கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டது முத்துவடிவு. அவ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"நல்லா வந்திருக்கு," என்றார் வல்லிநாயகம். "என் மில் பேரு அதுல வரல்லல்லா?"

"வரல்ல."

சன்னலுக்கு வெளியே இருந்து சுடலை பேசினான். சத்தம் போடவில்லை. "அவ பேசவே இல்லய்யா."

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"செத்தவளத் திருப்பிக் கேக்கல்ல நான். யாரையும் ஜெயில்ல போடச் சொல்லல்ல. அவ நல்லாருக்கேன்னு சொன்னதா எழுதாதீங்க. அவ சொல்லல்ல. அத மட்டும் எழுதாதீங்க."

"ஏலே, உன்ன இங்கன வந்து ஒக்கார விட்டதே பெரிசு," என்றார் பால்வண்ணநாதன். "பெரியவங்க பேசுதாங்கல்லா. வாயப் பொத்து."

முத்துவடிவு ரிஜிஸ்தரின் மேல் கையை அழுத்திக்கொண்டாள்.

அந்த டெலிபோன் விசாரணை, தாணு மேல்படிப்புக்குப் போன ஊரில் பார்த்துவிட்டு வந்து இங்கே நட்டுவைத்த வழக்கம். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் மூன்று தடவை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் டெலிபோன் வைத்திருப்பவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போதே முத்துவடிவு கேட்டு எழுதிக்கொள்வாள்: உன் ஊரில் எந்த இடத்தில் போன் இருக்கிறது? கடையநல்லூரென்றால் மசூது நூல் கடை. இலத்தூரென்றால் தபாலாபீஸ். வடகரையென்றால் அரிசி மில். இன்ன நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே போய் நில்லு, நான் கூப்பிடுவேன், உடம்புக்கு ஆகாதென்று தெரிந்தால் டாக்டர் வண்டி அனுப்புவார் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள். வாங்கியதற்கு ரிஜிஸ்தரில் கையெழுத்து; சந்தனமாரி வைத்தது பெருவிரல் ரேகை, நடுவில் அரிவாள் இழுத்த தழும்போடு.

கேள்வி மூன்று. காய்ச்சல் உண்டா? புண் எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா? பதிலை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். தாணு முதல் நாளே ஒரு சட்டம் சொல்லியிருந்தார்: நோயாளி வாயால் கேட்டால்தான் எழுத வேண்டும். அண்ணன் சொன்னான், அடுத்த வீட்டுக்காரி சொன்னாள் என்று எழுதக் கூடாது. முத்துவடிவு அந்தச் சட்டத்தை மூன்று வருஷம் காப்பாற்றினாள். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கோடு போட்ட தாளில் கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைக்காதவள்.

வடகரை மில்லில் அந்தச் சட்டம் முறிந்தது.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு பால்வண்ணநாதன்தான் எடுத்தார். "நிக்கா, நிக்கா. நல்லாருக்கா."

"அவகிட்ட குடுங்க அண்ணாச்சி."

"நீங்க கேளுங்கம்மா, நான் கேட்டுச் சொல்லுதேன்."

"அவ வாயாலதான் கேக்கணும்னு சட்டம்."

"சட்டமா? நல்லாருக்கே. இது முதலாளி வாய் வைக்கிற போனு. இதுல அவ வாயக் கொண்டாந்து வைக்கச் சொல்லுதியளோ? பொறவு நாங்க அத வச்சுப் பேசவா, அடுப்புல போடவா?"

டிரங்கு கால். மூன்று நிமிஷம்தான். மூன்றாவது நிமிஷத்தில் தென்காசி எக்ஸ்சேஞ்சு சங்கரபாண்டி நடுவில் புகுந்து வெட்டிவிடுவான். வாதாடினால் நேரம் போய்விடும். முத்துவடிவு கேள்விகளைக் கேட்டாள். பால்வண்ணநாதன் போனை விலக்கிப் பிடித்து வெளியே ஏதோ கத்தினார். மில் இயந்திரம் திம் திம்மென்று அடித்தது. அதற்கு அப்பால் ஒரு பெண் குரல். நீளமாக என்னவோ சொன்னது. பால்வண்ணநாதன் திரும்பி வந்தார். "நல்லாருக்காளாம்."

அவ்வளவு நீளமாகச் சொன்னது 'நல்லாருக்கேன்' என்ற ஒரு சொல்லா என்று முத்துவடிவுக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் 'நலம்' என்று எழுதினாள். ஐந்தாம் நாளும் எழுதினாள். ஏழாம் நாளும். மூன்று வரி, மூன்று நலம், முத்து முத்தான கையெழுத்தில்.

சந்தனமாரி அந்த மூன்று நாளும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, வரப்பில் ஒரு மைல் நடந்து வந்திருக்கிறாள். இரண்டு மணிக்கே வந்து, மில்லுக்குப் பின்னால் உமிக் குவியலுக்குப் பக்கத்தில், மழையில் நின்றிருக்கிறாள். காய்ச்சல் கொதிக்கி, புண்ணு நாறுது, கஞ்சி கூட இறங்கல்ல, வண்டி அனுப்பச் சொல்லுங்க என்று சன்னலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். பால்வண்ணநாதன் அந்தப் பக்கம் போனில் 'நல்லாருக்கா' என்றார். இந்தப் பக்கம் திரும்பி, "டாக்டர் சரியாப் போயிரும்னு சொல்லிட்டாரு, வீட்டுக்குப் போட்டி" என்றார். மூன்று தடவையும் இரண்டு பக்கமும் ஒரே மனிதர் வேலையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். டாக்டரே சொல்லிவிட்டார் என்று நம்பிப் புருஷனும் பெண்டாட்டியும் குடிசையில் காத்திருந்தார்கள். பதினோராம் நாள் விடிகாலை அவள் போய்விட்டாள்.

இவ்வளவும் சுடலையின் மனுவில்தான் முத்துவடிவுக்குத் தெரிந்தது. ஆனால் மனு வருவதற்கு முன்னாலேயே வேறொன்று வந்துவிட்டது.

சந்தனமாரிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. கடையநல்லூர் ஹைருன் பீவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன ஏழாம் நாள். மூன்று மணிக்கு மசூது நூல் கடைக்கு லைன் கிடைத்தது. ஹைருன் பீவி வாய்த்துடுக்குள்ள மனுஷி. போனை எடுத்ததும் 'என்னட்டி, உயிரோடத்தான் இருக்கேன், எழுதிக்கோ' என்பாள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"காய்ச்சல் உண்டா?" என்றாள் முத்துவடிவு.

"கொதிக்கி."

"புண் எப்படி இருக்கு?"

"நாறுது."

குரல் ஹைருன் பீவியுடையதாக இல்லை. குரலுக்குப் பின்னால் நூல் கடையின் பேச்சும் தறியின் தடக்கும் கேட்கவில்லை. திம் திம்மென்று ஒரு இயந்திரம். அதோடு, நனைந்த உமி புழுங்குகிற வாடை. டெலிபோனின் துளைகளிலிருந்து வாடை வருமா? வந்தது. உமி வாடைக்கு அடியில், பத்துக் கட்டில் உள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாடையும் வந்தது.

"யாரு பேசுதது?"

"மூணு நாளு நின்னேன்," என்றது குரல். "நீ என்ட்ட கேக்கல்ல."

சட்டென்று தறிச் சத்தம் திரும்பியது. "ஏட்டி, யாருட்ட பேசிக்கிட்டிருக்க?" என்றாள் ஹைருன் பீவி. "நான் இப்பம்தான போன வாங்குதேன். மசூது பிடிச்சுக்கிட்டே நிக்கான், உள்ள காத்துச் சத்தம் கேக்குன்னு சொல்லுதான்."

மறுநாள் இலத்தூர். அதற்கு அடுத்த வாரம் மறுபடி கடையநல்லூர், வேறொரு நோயாளி. யாரைக் கூப்பிட்டாலும், மூன்று மணியென்றால் முதலில் அவள்தான் பேசினாள். ஒவ்வொரு தடவையும் குரலில் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. அழுகை இல்லை. கெஞ்சல் இல்லை. வரிசையில் கால் கடுக்க நின்றவளைத் தாண்டி இன்னொருத்தியைக் கூப்பிட்டால் எப்படிப் பேசுவாளோ, அப்படிப் பேசினாள். முத்துவடிவு தேதி, மணி, ஊர், சொன்ன சொல் என்று ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். தாணுவிடம் காட்டினாள். "லைன் கோளாறு. ரெண்டு வயர் ஒட்டிக்கிடும்," என்று சிரித்தார். சங்கரபாண்டியிடம் கேட்டாள். "ஒட்டுததுக்கு வயர் இருக்கணுமே அக்கா. வடகரைப் பக்கம் அஞ்சு கம்பம் சாஞ்சு கெடக்கு. சாரல் விட்டாத்தான் ஆளு போவாங்க," என்றான்.

இதெல்லாம் கூட்டத்துக்கு முந்தைய கதை.

"என்ன முத்துவடிவு, யோசனை?" என்றார் தாணு. "அஞ்சு மணிக்குத் தபால் கட்டிருவான். போடு கையெழுத்த."

"நான் அவ குரலக் கேக்கல்ல டாக்டர்."

"ரிஜிஸ்தர்ல நலம்னு எழுதியிருக்கு."

"நான்தான் எழுதுனேன். தப்பா எழுதுனேன்."

"அப்படின்னா தப்பு உன் பேர்ல ஆயிரும்," என்றார் தாணு, மெதுவாக. "வேலை போகும். நாளைக்கு வேற எந்த ஆஸ்பத்திரி உன்ன வாசப்படி மிதிக்க விடும்? கையெழுத்துப் போட்டா யாருக்கும் ஒண்ணுமில்ல."

"இந்தப் பொம்பளைக்கு எதுக்கு இத்தன பேச்சு?" என்றார் வல்லிநாயகம். "ஏம் பால்வண்ணநாதன், அவ நல்லாத்தான இருந்தா?"

"நடந்து வந்தா, நின்னா, திரும்பி நடந்து போனா. நல்லா இல்லாதவளா ஒரு மைல் நடப்பா?" பால்வண்ணநாதன் சிரித்தார். "அதுகளுக்கு உடம்பு இரும்பு முதலாளி. நமக்குத்தான் தும்மல் வந்தாலும் டாக்டரு."

வெளியே சுடலை எழுந்து நின்றான். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான்.

அப்போது சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. மூன்றாவது அடி முடியும் முன்னே டெலிபோன் அடித்தது.

முத்துவடிவு எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடேன்," என்றார் தாணு.

எடுத்தாள். திம். திம். திம்.

"யாரு?" என்றார் தாணு.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினாள். "வடகரை மில்லுல இருந்து."

வல்லிநாயகம் நிமிர்ந்தார். "என் மில்லா? வயர் அத்து ஒரு வாரமாச்சே. இன்னைக்கு மில்லும் ஓடல்ல."

பால்வண்ணநாதனின் கை இடுப்புக்குப் போனது. போன் இருக்கிற மில் ஆபீஸ் அறைச் சாவி அங்கேதான் இருந்தது.

"யாரு வேணுமாம்?" என்றார் தாணு. அவர் குரலும் இறங்கியிருந்தது.

"கணக்கப்பிள்ளை."

"எவனோ வெளையாடுதான். குடுங்க இங்க." பால்வண்ணநாதன் எழுந்து வந்தார். ரிசீவரை வாங்கியதும், பழக்கம் விடுமா, தோளில் கிடந்த துண்டின் நுனியால் வாய் வைக்கும் குழியை ஒரு சுற்றுத் துடைத்தார். பிறகுதான் காதில் வைத்தார். "யாருவே அது?"

பதில் அறை முழுக்கக் கேட்டது. ரிசீவர் அவர் காதில் இருந்தது. ஆனாலும் சன்னலருகே நின்ற சுடலைக்குக் கூடக் கேட்டது.

"காய்ச்சல் உண்டுமா?"

உமி வாடை கதவு திறந்ததுபோல உள்ளே வந்தது.

சுடலையின் உதடு ஒரு பேரைச் சொன்னது. சத்தம் வரவில்லை.

பால்வண்ணநாதனின் நெற்றியில் வியர்வை பொடித்தது. பொடித்தது வழிந்தது. அந்தக் குளிரில், அவர் தலையிலிருந்து ஆவி எழும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். அவர் போனைக் கீழே வைக்கப் பார்த்தார். கை விரியவில்லை.

"கேக்குதேன்லா. காய்ச்சல் உண்டுமா?"

அவர் வாய் திறந்தது. கண்ணில் இருந்தது ஒன்று. வாயில் வந்தது வேறொன்று.

"நல்லாருக்கேன்."

"புண்ணு எப்படி இருக்கு?"

வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்கு வலப்புறம், காலணா அளவுக்கு ஈரம் தெரிந்தது. அது மஞ்சளாகி, உள்ளங்கை அளவுக்குப் பரந்தது. பால்வண்ணநாதன் அதைக் குனிந்து பார்த்தார். இடது கையால் அழுத்தினார். முழங்கால் மடங்கியது. கழுத்து நரம்பு புடைக்க, உயிரைக் கூட்டிக் கத்தப் பார்த்தார்.

"நல்லாருக்கேன்," என்றது அவர் வாய்.

"பால்வண்ணநாதன், என்ன செய்யுது?" தாணு பாய்ந்து வந்து சட்டையைக் கிழித்தார். கிழித்த கையை உடனே பின்னுக்கு இழுத்தார். இருபது வருஷமாக வயிற்றைத் திறந்து மூடியவர் அவர். "எங்க வலிக்கு? எத்தன நாளா இது? சொல்லும்வே."

"நல்லாருக்கேன்."

"வலிக்கா இல்லையா?"

கண்ணீர் கன்னத்தில் ஓடியது. தலை ஆமாம் ஆமாமென்று ஆடியது. "நல்லாருக்கேன். நல்லாருக்கேன். நல்லாருக்கேன்."

வல்லிநாயகம் எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. குடை நாற்காலிக் கையிலேயே தொங்கியது.

"சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டது குரல். அதில் இப்போது ஒரு நிதானம் இருந்தது. கோபம் ஆறிய நிதானமல்ல. கோபம் தான் தேடிய வேலையைக் கண்டுகொண்ட நிதானம்.

பால்வண்ணநாதன் தரையில் விழுந்தார். ரிசீவர் கையிலிருந்து நழுவி, வயரில் தொங்கி ஆடியது. தாணுவும் ஓடிவந்த கம்பவுண்டரும் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகும், ஒரே சீராக, அந்த ஒரு சொல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அறையில் முத்துவடிவு மட்டும். சன்னலில் சுடலை.

ரிசீவர் ஆடி ஆடி நின்றது.

"நீ இருக்கியா?" என்றது.

அவள் ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. சாலையில் பஸ் போகும் சத்தம் கூடக் கேட்டது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்குள் பயத்தை விடப் பெரியதாக ஒன்று எழும்பி நின்றது. தன் மேலேயே வந்த ஆத்திரம் அது. போனில் ஒரு வாய் படக் கூடாது என்று ஒருவன் சொன்னதைக் கேட்டும், 'சரி அண்ணாச்சி' என்று ஒத்துக்கொண்ட தன் வாயின் மேல். மூன்று தடவை முத்து முத்தாக எழுதிய தன் கையின் மேல்.

ரிசீவரை எடுத்தாள். சூடாக இருந்தது. துடைக்கவில்லை. அப்படியே வாயருகே வைத்தாள்.

"சந்தனமாரி," என்றாள். அந்தப் பேரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ரிஜிஸ்தரில் எழுதியிருந்தாள், சொன்னதில்லை. "காய்ச்சல் உண்டா?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம்.

"மொதல் நாளே இருந்துச்சு," என்றது குரல். "சாயங்காலமானா ஒடம்பு உலையாக் கொதிக்கும்."

முத்துவடிவு பேனாவை எடுத்தாள். எழுதினாள்.

"புண் எப்படி இருந்துச்சு?"

அது சொன்னது. எழுதினாள். சாப்பாடு கேட்டாள். அதையும் சொன்னது. எங்கே நின்றாள், எத்தனை நேரம், சன்னலுக்கு எத்தனை அடி தூரம், யார் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள். கேட்கக் கேட்கப் பதில் வந்தது. சங்கரபாண்டி மூன்றாம் நிமிஷத்தில் வெட்டவில்லை. கடிகாரம் மூன்றரை அடித்தது.

"அம்புட்டுத்தான்," என்றது கடைசியில். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அனுப்பு."

"அனுப்புதேன். என்ன மன்னிச்சிரு தாயி."

பிறகு, காதுக்குள்ளேயே வாய் வைத்ததுபோல, மிக மெதுவாக:

"உன்ட்ட நான் பொறவு பேசுதேன்."

திம் திம் சத்தம் நின்றது. ஓட்டு நுனியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அது இந்தப் பக்கத்துச் சாரல்தான்.

டைப் அடித்த பதிலை முத்துவடிவு நாலாகக் கிழித்தாள். ஆஸ்பத்திரிப் பேர் அச்சிட்ட காகிதத்தைத் தொடவில்லை. ரிஜிஸ்தரின் பின்பக்கத்திலிருந்து வெள்ளைத் தாள் மூன்றைப் பிரித்தெடுத்து, மேலே தேதி, இடம், ஐயாவுக்கு வணக்கம் என்று முறைப்படி தொடங்கினாள். மூன்று நாட்களும் நான் நோயாளியின் குரலைக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியது பொய். எழுதியது நான். எழுதவைத்தது வடகரை மில் கணக்கப்பிள்ளை பால்வண்ணநாதன். அந்தப் பொய்யை உண்மையாக்கச் சொன்னவர்கள் இன்னார் இன்னார். நோயாளி சொன்னது கீழ்க்கண்டபடி. அதற்குக் கீழே கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கமாகக் கோடு போட்டு எழுதினாள். பதில்கள் எந்தத் தேதியில் கிடைத்தன என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. இன்றைய தேதியையே போட்டாள். பொய் எழுதி முடிந்துவிட்டது. இனி எழுத முடியாது.

சன்னலருகே போய்ச் சுடலைக்கு வாசித்துக் காட்டினாள். அவன் கம்பியைப் பிடித்தபடியே கேட்டான்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"வேற ஏதும் சேக்கணுமா?"

"இத அன்னைக்கே கேட்டிருந்தா அவ இருந்திருப்பாம்மா," என்றான் சுடலை. கம்பியை விட்டான். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சாரலுக்குள் இறங்கிப் போனான்.

ஆபரேஷன் அறையிலிருந்து தாணு கூப்பிட்டார். "முத்துவடிவு, எதையும் எழுதி யாருட்டயும் குடுக்காத. நான் வரேன்." அவர் குரலுக்கு அடியில், ஈனமாக, நல்லாருக்கேன் நல்லாருக்கேன் என்றது இன்னொரு குரல். அவள் முந்தானைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு சாலைக்கு வந்து, முதல் பஸ்ஸில் ஏறினாள்.

தென்காசித் தபாலாபீஸில் அவள் போய் நிற்கும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம். பையைக் கட்டுவதற்குத் தயாராக விரித்துவைத்திருந்தார்கள். கவுண்டரில் வயதான குமாஸ்தா.

"ரிஜிஸ்தர் தபால். நடுவுல யாரும் பிரிக்கக் கூடாது," என்றாள். "அரக்கு வச்சுக் குடுங்க."

"ஆஸ்பத்திரி டெலிபோன் அம்மால்லா? அப்படி என்ன ரகசியம்?" என்று சிரித்தபடியே அவர் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். அரக்குக் குச்சியை உருக்கி, உறையின் பின்பக்கம் மடிப்பின் மேல் ஐந்து இடத்தில் சொட்டுவிட்டார். பித்தளை முத்திரையை எச்சிலில் தொட்டு, முதல் சொட்டில் அழுத்தி எடுத்தார். எடுத்தவர் உற்றுப் பார்த்தார்.

"என்ன கர்மம் இது?"

வட்டத்துக்குள் ஊர்ப் பேரும் எழுத்தும் விழவில்லை. அரக்கில் பதிந்திருந்தது ஒரு பெருவிரல் ரேகை. சுழிச் சுழியாக, மிகத் தெளிவாக. நடுவில் குறுக்கே, கதிர் அறுக்கும்போது அரிவாள் இழுத்த ஒரு பழைய தழும்பு.

"கைய வச்சியளாம்மா?"

"இல்ல."

குமாஸ்தா முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தெல்லாம் அதில் ஒழுங்காகவே இருந்தது. வேட்டியில் துடைத்து, இரண்டாவது சொட்டில் அழுத்தினார். மூன்றாவதில். நாலாவதில். நாலிலும் அதே விரல், அதே தழும்பு. ஐந்தாவது சொட்டு இன்னும் பளபளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் முத்திரையை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவரும் தொடாத அந்த அரக்கு நடுவில் மெதுவாக அமுங்கியது.

"அனுப்புங்க," என்றாள் முத்துவடிவு.

அவர் உறையை இரண்டு விரல் நுனியால் எடுத்துப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார். வாசலில் தபால் வண்டி ஹாரன் அடித்தது.